‘ஆயில் தானா ஏறிடும்’ என்பவர்களுக்கு

வேலை முடிந்த இன்ஜினில் ஆயிலை ஊற்று, ஃபில்டரை மாட்டு, செல்ஃப் அடி. பம்பு தானாக இழுத்துக்கொள்ளும், நாலைந்து விநாடியில் பிரஷர் ஏறிவிடும். நம் ஊர்ப் பட்டறைகளில் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து இது. லாரி, டிராக்டர், ரிக் வண்டி, ஜெனரேட்டர் என எதை ஓவர்ஹால் செய்தாலும் கடைசி நாளில் இதே பேச்சுதான். ஆயில் பம்பை முதலில் நனைத்து, கேலரி முழுக்க ஆயிலை ஏற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் முதல் ஸ்டார்ட் கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், “அதெல்லாம் புக்குல இருக்கும் சார், நம்ம அனுபவம் வேற” என்று கடந்துவிடுகிறார்கள்.

அந்த அனுபவத்தோடுதான் இங்கே என் வழக்கு. கிராங்க் கிரைண்டிங், போர் வேலை, புது பிஸ்டன், புது பேரிங் என்று லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்த வேலையின் ஆயுள் முதல் அரை நிமிடத்தில் கரைகிறது. கரைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இந்தப் பழக்கம் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது.

எதிர்த் தரப்பின் மிக வலுவான வாதத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். “முப்பது வருஷமா இப்படித்தான் ஸ்டார்ட் பண்றேன், ஒரு இன்ஜின்கூட பிடிச்சதில்லை.” இதைச் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் அன்றைக்கு எதுவும் பிடித்திருக்காது. ஆனால் அதே மெக்கானிக் டீசல் லைனில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஃபில்டர் தலையிலுள்ள போல்ட்டைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை அமுக்கி அமுக்கி, நுரை நின்று கெட்டியாக டீசல் வழியும்வரை பொறுமையாக நிற்கிறார். பிறகு நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்தி அங்கேயும் ஏர் எடுக்கிறார். ஏர் எடுக்காமல் செல்ஃப் அடிக்கும் பையனைத் திட்டுகிறார். டீசலுக்கு இத்தனை கவனம் காட்டும் கை, ஆயிலுக்கு ஏன் காட்டுவதில்லை? டீசலில் ஏர் இருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. தவறு செய்தவர் முன்னாலேயே தவறு வெளிப்பட்டுவிடும். ஆயிலில் ஏர் இருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். புகை தெளியும், சத்தம் சீராகும், கேஜ் முள்ளும் கடைசியில் ஏறிவிடும். காயம் உள்ளே பதிந்தபடி வண்டி பட்டறையை விட்டுப் போய்விடும். வெகுநாள் கழித்து பிக் எண்ட் தட்டும்போது அந்த வண்டி வேறு ஊரில், வேறு பட்டறையில் நிற்கும். அங்கே அது ஆயில் மட்டம் பார்க்காத டிரைவரின் குற்றமாகவோ, ஓவர்லோடின் குற்றமாகவோ, மட்டமான ஆயிலின் குற்றமாகவோ எழுதப்படும். ஆக, முப்பது வருடக் கணக்கில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. திரும்பி வராத வண்டிகளெல்லாம் நன்றாக ஓடுகிற வண்டிகள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது.

அந்தக் காயத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு புது பிக் எண்ட் பேரிங்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால் மங்கலான, சீரான சாம்பல் நிறம் தெரியும். லாரி இன்ஜின்களில் பரவலாக வரும் பேரிங்குகளில் இரும்புத் தகட்டின் மேல் செம்பும் ஈயமும் கலந்த ஒரு அடுக்கு, அதற்கும் மேலே ஈயமும் தகரமும் கலந்த மெல்லிய பூச்சு. அந்தப் பூச்சின் தடிமன் சுமார் 0.02 மில்லிமீட்டர்தான். மென்மையாக இருப்பதுதான் அதன் வேலை: தூசி வந்தால் தனக்குள் புதைத்துக்கொள்ளும், கிராங்கின் சின்னச் சின்ன கோணலுக்கு வளைந்துகொடுக்கும். உலர்ந்த நிலையில் கிராங்க் அதன் மேல் உரசினால் பூச்சு வழிந்து, நடுவில் கண்ணாடி போல ஒரு பளபளப்புப் பட்டை உண்டாகும். ஓரத்தில் நகத்தால் தொட்டுணரக்கூடிய விளிம்பு. சில இடங்களில் கீழே இருக்கும் செம்பு நிறம் எட்டிப்பார்க்கும். அந்த நிலையிலும் இன்ஜின் ஓடும், நன்றாகவே ஓடும். ஆனால் தூசியை விழுங்குகிற மேல் அடுக்கு இல்லாத பேரிங் அது. அடுத்த முறை ஃபில்டரைத் தாண்டி வரும் ஒவ்வொரு துகளும் கிராங்கைக் கீறும். வேலை முடிந்து சில மாதங்களே ஓடிய இன்ஜினைப் பிரிக்கும்போது இந்தப் பட்டையைக் கண்டு, “பேரிங் கம்பெனி சரியில்லை” என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த செட்டையே குறை சொல்லும் முன், முதல் ஸ்டார்ட் எப்படி நடந்தது என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை.

“பிரஷர் நாலு விநாடியில வந்துடுதே, அதுக்குள்ள என்ன ஆகிடும்?” என்பது அடுத்த கேள்வி. இதற்கு பதில் 1883-இலேயே கிடைத்துவிட்டது. இங்கிலாந்தில் பொறியாளர் போஷம்ப் டவர், ரயில் அச்சுப் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். பேரிங்கின் தலையில் ஆயில் விடுவதற்காக ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் அந்தத் துளை வழியாக ஆயில் வெளியே பொங்கியது. தக்கை வைத்து அடைத்தார், வெளியே வந்துவிட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதையும் ஆயில் மெல்ல மெல்லத் தள்ளி வெளியேற்றியது. கேஜ் மாட்டிப் பார்த்தபோது முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. பேரிங் மேல் ஏற்றியிருந்த சராசரிப் பளுவோ 100 பவுண்டுதான். அங்கே பம்பு எதுவும் இல்லை; அச்சின் அடிப்பாகம் ஆயிலில் நனைந்தபடி சுழன்றது, அவ்வளவே. சுழலும் அச்சு ஆயிலைத் தன்னோடு இழுத்து ஆப்பு போல இடுக்கில் திணிக்கிறது, அந்த ஆப்பே பளுவைத் தூக்குகிறது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். இன்றைக்கும் எல்லா பேரிங் வடிவமைப்புக்கும் அடிப்படை அதுதான்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கிராங்கைத் தூக்கி நிறுத்துவது கேஜ் காட்டும் 3 கிலோ பிரஷர் அல்ல. அந்தப் பிரஷர் ஆயிலைப் பேரிங்கின் வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. தூக்குவது, சுழற்சியில் உருவாகும் ஆப்பு. ஆப்பு உருவாக இரண்டு வேண்டும்: இடுக்கில் ஆயில், போதுமான வேகம். சுமார் 0.05 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள அந்த இடுக்கில் முதல் ஸ்டார்ட்டின்போது ஆயில் ஓட்டம் இல்லை. செல்ஃப் சுற்றும் வேகமோ நிமிடத்துக்கு 150 முதல் 250 சுற்றுதான். மேலே கம்ப்ரஷன் பளு வேறு அழுத்துகிறது. ஒரு பேரிங்குக்கு இதைவிடக் கெட்ட நேரம் அதன் ஆயுளில் இன்னொரு முறை வராது.

அப்புறம் இன்ஜின் பற்றிக்கொள்கிறது. ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால் பத்து விநாடியில் கிராங்க் 130 முறைக்கு மேல் சுற்றிவிடும். 6 சிலிண்டர் இன்ஜினில் அதற்குள் 400 வெடிப்புகள். அந்த நானூறும் ஆயில் வராத பேரிங்கின் மேல் விழுகிற சம்மட்டி அடிகள். லாரி இன்ஜினில் காலி ஃபில்டரையும் ஆயில் கூலரையும் நிரப்பவே முதலில் இரண்டு லிட்டர் வரை போய்விடும். அதற்குப் பிறகே கேலரி, அதற்குப் பிறகே மெயின் பேரிங், கிராங்க் துளை வழியாக பிக் எண்ட், எல்லாவற்றுக்கும் கடைசியில் ராக்கர். கேஜ் முள் ஏறியது என்றால் கேஜ் மாட்டியிருக்கும் அந்த ஓர் இடத்தில் ஆயில் வந்துவிட்டது என்பது மட்டும்தான் பொருள். ஆறாவது சிலிண்டரின் ராக்கருக்கு வந்துவிட்டது என்று அந்த முள் சொல்லவில்லை.

சரி, பம்பு தானாக இழுக்குமா? கிணற்று மோனோபிளாக் மோட்டாரை ஓட்டும் எந்த விவசாயிக்கும் இது தெரியும். ஃபுட்வால்வு கசிந்து பைப்பில் தண்ணீர் இறங்கிவிட்டால், புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றி நிரப்பாமல் சுவிட்சைப் போட மாட்டார். போட்டால் மோட்டார் சுற்றும், தண்ணீர் வராது. இதற்குப் பட்டறையில் ஒரு பதில் இருக்கிறது: “அது சென்ட்ரிஃபியூகல் பம்பு. இது கியர் பம்பு, காத்தையும் இழுக்கும்.” பதில் பாதி சரி. கியர் பம்பு, ரோட்டார் பம்பு இரண்டும் காற்றை இழுக்கும்தான். ஆனால் பல்லுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஆயில் அடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் இழுக்கும். கியர் முகத்துக்கும் மூடிக்கும் இடையே 0.1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், கெட்டியான ஆயிலுக்கு அது அடைப்பு, காற்றுக்கு அது அகலமான பாதை. உலர்ந்த பம்பில் கியர் முன்னால் தள்ளும் காற்று அந்தப் பாதையில் பின்னால் வந்துவிடுகிறது. சேம்பரின் அடியிலிருந்து ஆயிலை மேலே உயர்த்தத் தேவையான வெற்றிடம் உருவாவதே இல்லை.

செல்ஃப் வேகத்தில் இது இன்னும் மோசம். பம்பு தள்ளும் அளவு வேகத்தோடு சேர்ந்து குறையும். இடைவெளி வழியாகத் திரும்பும் கசிவு வேகத்தைப் பொறுத்துக் குறைவதில்லை. அதனால் ஐடிலில் தாராளமாக வேலை செய்யும் பம்பு, செல்ஃப் சுற்றும்போது ஒன்றுமே தள்ளாமல் நிற்கலாம். இத்தனையும் புதுப் பம்புக்கே. இங்கே பெரும்பாலான ஓவர்ஹாலில் பழைய பம்பைக் கழுவி அப்படியே மாட்டுகிறார்கள். மூடியில் கியர் தேய்த்த வட்டத் தடம் இருக்கும். அதைக் கண்ணாடி மேல் எமரித் தாள் வைத்துத் தேய்த்துச் சமன் செய்கிறவர் நூற்றில் ஒருவர். ஸ்ட்ரெய்னர் பைப்பின் ஓ-ரிங்கில் ஒரு வெட்டு, அல்லது ஃபிளாஞ்ச் பேக்கிங் சரியாக உட்காராத ஓர் ஓரம் போதும், பம்பு ஆயிலுக்குப் பதில் காற்றையே குடித்துக்கொண்டிருக்கும். செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கிறவருக்கு இது எதுவும் தெரியாது.

பம்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். சென்னை சிம்ப்சனின் பெர்கின்ஸ் வழி வந்த 3 சிலிண்டர் டிராக்டர் இன்ஜின்களில் ரோட்டார் பம்பு முன் மெயின் பேரிங் கேப்பிலேயே, சேம்பருக்குள் தொங்குகிறது. ஆயில் மட்டத்துக்கு மிக அருகில் இருப்பதால் அது சீக்கிரம் இழுத்துவிடும். அந்த இன்ஜினில் கற்றுக்கொண்டவர்கள் எல்லா இன்ஜினும் அப்படியே என்று நம்பிவிடுகிறார்கள். கிராங்கின் மூக்கிலேயே ரோட்டார் பம்பு உள்ள கார் இன்ஜின்களில் பம்பு ஆயில் மட்டத்துக்கு நன்றாக மேலே நிற்கிறது. நீண்ட பைப் வழியாகத்தான் உறிஞ்ச வேண்டும். பம்பு இப்படி மேலே நிற்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்க பியூக் நிறுவனம் 1961-இல் கொண்டுவந்த அலுமினிய வி8 இன்ஜின். அதன் உரிமையை பிரிட்டனின் ரோவர் நிறுவனம் 1965-இல் வாங்கி, 1967 முதல் தன் கார்களில் மாட்டியது. அதில் பம்பு கியர்கள் முன்புற டைமிங் கவரிலேயே, ஆயிலுக்கு வெகு மேலே இருந்தன. பம்பைப் பிரித்துப் பூட்டினால் கியர்களைச் சுற்றி பெட்ரோலியம் ஜெல்லியை இடைவெளி இல்லாமல் அடைத்துத்தான் மூட வேண்டும் என்று தயாரிப்பாளரே எழுதிவைத்தார். அடைக்காமல் மூடினால் ஆயில் ஏறாது என்று அந்த இன்ஜினோடு பழகிய எவரும் சொல்வார். வடிவமைத்தவரே தானாக ஏறாது என்று சொல்லும் இடத்தில், தானாக ஏறிவிடும் என்று நாம் எந்த அடிப்படையில் சொல்கிறோம்?

1955 முதல் வந்த செவ்ரலே ஸ்மால் பிளாக் வி8-இல் வேறு வசதி. அங்கே டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் அடிமுனைதான் பம்பைச் சுற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஒரு தண்டை இறக்கி, டிரில் மெஷினால் பம்பை மட்டும் தனியாகச் சுற்றலாம். கிராங்க் ஒரு இம்மியும் நகராது. டிரில் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். ஆயில் பிடித்ததும் கையில் பளு கூடும், மெஷினின் சத்தம் இறங்கும். அதை ஒரு தடவை உணர்ந்தவருக்கு, உலர்ந்த பம்புக்கும் ஆயில் பிடித்த பம்புக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே தண்டைக் கடிகாரச் சுற்றில் சுற்ற வேண்டும். ஃபோர்டின் 302 வி8-இல் எதிர்ச் சுற்றில். திசை மாறினால் எத்தனை நேரம் சுற்றினாலும் ஆயில் வராது.

‘பூட்டும்போதே எல்லாத்துலயும் ஆயில் தடவித்தான் பூட்டுறோம்’ என்பது இன்னொரு சமாதானம். தடவுவது அவசியம், அதில் சண்டை இல்லை. ஆனால் பேரிங்கில் தடவிய 20W-40 ஆயில் எத்தனை நாள் நிற்கும்? பிளாக்கை அசெம்பிள் செய்த பிறகு டீசல் பம்பும் நாசிலும் சர்வீஸிலிருந்து வர வேண்டும், ஹெட் லேத்திலிருந்து வர வேண்டும், ஓனர் பணம் புரட்ட வேண்டும். இரண்டு மூன்று வாரம் இன்ஜின் ஸ்டாண்டிலேயே நிற்பது நம் ஊரில் சாதாரணம். அதற்குள் கிராங்கின் எடை கீழ் பேரிங்கிலிருந்து ஆயிலைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடும். மிச்சம் இருப்பது ஈரம் மட்டுமே, ஓட்டம் இல்லை. தடவிய ஆயில் முதல் சில சுற்றுகளுக்குக் காவல். அதற்குப் பின்னால் ஆயில் வந்துகொண்டே இருந்தால்தான் அந்தக் காவலுக்கு அர்த்தம்.

கொஞ்சம் தெரிந்தவர்கள் சொல்வது, டீசலை அடைத்துவிட்டு, கேஜ் ஏறும்வரை செல்ஃப் அடித்தால் போதும் என்பது. மற்ற எல்லாவற்றையும்விட இது மேல், மதிக்கிறேன். ஆனாலும் நாசில் மாட்டிய நிலையில் அடித்தால் ஒவ்வொரு சுற்றிலும் கம்ப்ரஷன் பளு பிக் எண்ட் மேல் விழுகிறது, ஆயில் வருவதற்கு முன்னாலேயே. விமான இன்ஜின் தயாரிப்பாளரான லைகமிங், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் ஏற்றுவதற்கென்றே தனியாக ஒரு சர்வீஸ் அறிவுறுத்தல் வைத்திருக்கிறது. அதன்படி ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். கம்ப்ரஷன் இல்லாமல் சுற்றும்போது பேரிங் மேல் பளு இல்லை, ஸ்டார்ட்டரும் வேகமாகச் சுற்றும். டீசலில் அதற்கு நிகர், நாசில்களைக் கழற்றிவிட்டுச் சுற்றுவது. அப்படிச் செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மேலும் பம்பு உலர்ந்திருந்தால் நாசிலைக் கழற்றியும் பயன் இல்லை. செல்ஃப் மோட்டார் சூடாவதுதான் மிச்சம். பழைய பெட்ரோல் இன்ஜின்களில், தட்டையான டாப்பெட் கேம் இருந்தால், நீண்ட நேரம் செல்ஃப் அடிப்பது வேறு வகையில் கெடுக்கும். கேமுக்கு ஆயில் வருவது பெரும்பாலும் கிராங்க் வீசும் சிதறலில்தான். மெதுவான சுற்றில் சிதறல் இல்லை. கேம் மேல் தடவிய பேஸ்ட் முழுக்க அதிலேயே துடைபட்டுப் போய்விடும்.

“ரயில் இன்ஜினுக்கும் கப்பலுக்கும் அதெல்லாம் வேணும், நமக்கு எதுக்கு” என்றும் கேட்டிருக்கிறேன். கப்பல் மெயின் இன்ஜினில் மின்சார ஆயில் பம்பை ஓடவிட்டு, டர்னிங் கியரில் கிராங்கை மெல்லச் சுற்றிய பிறகே ஸ்டார்ட் ஏர் கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் இ.எம்.டி. லோகோமோட்டிவ் இன்ஜின்களின் பராமரிப்புக் கையேடு, புது இன்ஜினுக்கும் ஓவர்ஹால் ஆன இன்ஜினுக்கும் மட்டுமல்ல, 48 மணி நேரத்துக்கு மேல் நின்ற இன்ஜினுக்கும் வெளியிலிருந்து ஆயில் ஏற்ற வேண்டும் என்கிறது. நம் ரயில்வேயின் டபிள்யூ.டி.ஜி.-4 வகையில் ஓடுவது அந்த வம்சத்து 710 இன்ஜின்தான். இரண்டு நாள் நின்ற இன்ஜினுக்கே இவ்வளவு என்றால், அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, கழுவி, காற்றடித்து உலர்த்திப் பூட்டிய இன்ஜினுக்கு எவ்வளவு வேண்டும்? இன்ஜின் சின்னது என்பதால் பேரிங் இடுக்கின் இயற்பியல் மாறுவதில்லை. 0.02 மில்லிமீட்டர் பூச்சு சின்ன இன்ஜினில் தடித்துவிடுவதும் இல்லை. இன்று ஓடும் டர்போ வைத்த வண்டிகளில் இன்னும் கவலைக்கு இடம் இருக்கிறது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டக்கூடிய டர்போ தண்டு, ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுற்றுகிறது. புது டர்போவின் ஆயில் வாயில் நாலு துளி விடாமல் பைப்பை முறுக்கினால், தண்டு உலோகத்தின் மேலேயே சுற்றும்.

செய்முறையில் மர்மம் ஒன்றும் இல்லை. பம்பை மாட்டும்போது உள்ளே ஆயில் ஊற்றி, கையால் தண்டைச் சுற்றி, மறுபக்கம் ஆயில் வருவதைப் பார்த்து மாட்ட வேண்டும். இன்ஜின் நாள்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் பெட்ரோலியம் ஜெல்லி. அது சூட்டில் கரைந்து ஆயிலோடு கலந்துவிடும். சேஸிஸ் கிரீஸை வைக்கவே கூடாது. அது கரையாமல் ரிலீஃப் வால்வையும் ஃபில்டரையும் போய் அடைக்கும். ‘பிரைமிங் செய்தோம், அப்படியும் பிடிச்சிடுச்சு’ என்று சொல்லக் கேட்ட சில இடங்களில் கிரீஸைத்தான் வைத்திருந்தார்கள். பிளக் துளை வழியாக சிலிண்டருக்குள் டம்ளர் டம்ளராக ஆயில் ஊற்றுவதும் பிரைமிங் அல்ல. ஆயில் அமுங்காது, பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளையும்.

அடுத்தது கேலரி. மூடி போட்ட ஒரு சின்ன டேங்க், அடியில் ஒரு ஹோஸ், மேலே கம்ப்ரசர் காற்றுக்கு ஒரு வாய், ஒரு ரெகுலேட்டர். எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒரு நாளில் செய்துவிடலாம். ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி அந்தத் துளையில் ஹோஸை மாட்டி, 2 அல்லது 3 கிலோ பிரஷரில் புது ஆயிலைத் தள்ள வேண்டும். டாப்பெட் கவர் திறந்தே இருக்கட்டும். ஒருவர் கிராங்கைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். பல இன்ஜின்களில் ராக்கருக்குப் போகும் வழி கேம் ஜர்னல் வழியாக, சில நிலைகளில் மட்டும் திறக்கும். கிராங்கை நிறுத்திவைத்தே தள்ளினால் ராக்கர் கடைசிவரை உலர்ந்தே இருக்கும். சுற்றச் சுற்ற முதலில் ராக்கர் புஷ்ஷின் ஓரத்தில் குமிழி கிளம்பும், அப்புறம் நுரை, அப்புறம் பொன்னிறத்தில் தெளிவான ஆயில் ஒவ்வொரு ராக்கராக நனைத்துக்கொண்டு வரும். கடைசி ராக்கர் நனைந்த பிறகே ஹோஸைக் கழற்ற வேண்டும்.

இங்கே பலர் தவறவிடும் விஷயம் ஒன்று. பிரஷர் ஸ்விட்ச் பெரும்பாலும் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து தள்ளும் ஆயில் கேலரியை நிரப்பும், ஆனால் ஃபில்டரிலுள்ள திரும்பா வால்வு அதைப் பம்புப் பக்கம் விடாது. ஆகவே கேலரிக்கு ஆயில் ஏற்றிவிட்டதால் பம்பை நனைக்கத் தேவையில்லை என்று நினைக்கக் கூடாது. இரண்டும் தனித்தனி வேலை. ஃபில்டரில் முன்கூட்டியே ஆயில் நிரப்புவது பற்றித் தயாரிப்பாளர்களே ஒத்துப்போவதில்லை. நடுத் துளையில் ஊற்றும் ஆயில் வடிகட்டாமல் நேராகப் பேரிங்குக்குப் போகும் என்பதுதான் மறுப்பவர்களின் காரணம், நியாயமான காரணமும்கூட. ஊற்றுவதானால் வெளிச் சுற்றிலுள்ள துளைகளில், சீல் பிரிக்காத கேனிலிருந்து.

இதனால் கிடைக்கும் இன்னொரு லாபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சேம்பரை மாட்டுவதற்கு முன்பே டேங்க்கை மாட்டி, கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், முழு ஓவர்ஹாலும் சரியா தவறா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒவ்வொரு மெயினிலிருந்தும், ஒவ்வொரு பிக் எண்டிலிருந்தும் ஆயில் சீராகச் சொட்ட வேண்டும். ஒரு டிராக்டர் இன்ஜினில் இப்படிப் பார்த்தபோது நடு மெயின் மட்டும் சொட்டவே இல்லை. கேப்பைக் கழற்றிப் பார்த்தால், துளையுள்ள மேல் பேரிங்கைக் கீழேயும், துளையில்லாத கீழ் பேரிங்கை மேலேயும் மாற்றிப் போட்டிருந்தது. பிளாக்கின் ஆயில் துளையே அடைபட்டிருந்தது. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு, டார்க் வைத்து முறுக்க அரை மணி நேரம் ஆனது. அந்த இன்ஜினுக்கு நேராகச் செல்ஃப் அடித்திருந்தால் கேஜ் நன்றாகவே ஏறியிருக்கும், மற்ற எல்லா இடத்திலும் ஆயில் இருந்ததால். நடு மெயினும் அதிலிருந்து ஆயில் வாங்கும் பிக் எண்டும் மட்டும் உலர்ந்தபடியே சுற்றி, சில நிமிடங்களில் கிராங்கைப் பிடித்திருக்கும். அதேபோல் ஒரு இடத்தில் மட்டும் ஆயில் சொட்டாமல் தாரையாகக் கொட்டினால், கேலரி பிளக்கை மறந்திருக்கிறார்கள் அல்லது இடைவெளி அளவுக்கு மேல் போய்விட்டது என்று பொருள். கேஜ் முள்ளை மட்டும் நம்பும் முறைக்கு இந்தப் பிழைகளைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

கடைசியாக, ‘நேரம் இல்லை’ என்கிற வாதம். வண்டி நின்றால் ஓனருக்கு இ.எம்.ஐ. ஓடுகிறது, டெலிவரி கேட்டு நாலு முறை போன் வருகிறது, உண்மைதான். ஆனால் டேங்க் மாட்டி ஆயில் ஏற்றிக் கழற்ற ஆகும் நேரம் அரை மணி. ஒரு டீசல் லைனுக்கு ஏர் எடுக்க, ஸ்டார்ட் ஆகாமல் பேட்டரியை இறக்கி ஏற்ற, இதைவிட அதிகமாகப் போகிறது. அந்த அரை மணியைக் கொடுக்க மனமில்லாத பட்டறைகள் இருப்பதற்கு, கேட்காத ஓனர்களும் காரணம். பில்லில் ரிங் என்ன கம்பெனி, பேரிங் என்ன சைஸ், லேத் கூலி எவ்வளவு என்று வரி வரியாகப் பார்க்கிறவர்கள், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் ஏற்றினீர்களா என்று கேட்பதே இல்லை. இன்ஜினை வேலைக்கு விடும்போதே சொல்லிவிடுங்கள்: ஆயில் ஏற்றும் நாளில் நான் வருவேன், டாப்பெட் கவரை நான் வந்து பார்க்கும்வரை மூடாதீர்கள். சம்மதிக்கும் மெக்கானிக்கிடம் வேலையைக் கொடுங்கள், அந்த அரை மணிக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். மறுக்கிறவரிடம் எதற்காக மறுக்கிறார் என்று கேளுங்கள். முப்பது வருடம் என்ற பதில் வந்தால், அந்த முப்பது வருடத்தில் அவர் முடித்துக்கொடுத்த இன்ஜின்களில் எத்தனையை மறுபடி அவரே பிரித்து பேரிங்கைத் திருப்பிப் பார்த்தார் என்று கேளுங்கள்.